மூன்றாவது நாணயத்தில் விழுந்த ட்ரிகர்

போன மாதம் என் பழைய ஆயுதக் கிடங்கிலிருந்து ஒரு தம்பி போன் செய்தார். போட்டிகளுக்கென்று புதிதாக ஒரு ரைபிள் வந்திருக்கிறதாம். தோளில் வைக்கும் பின்கட்டை முழுக்க அலுமினியம். நீளம், உயரம், கன்னம் வைக்கும் இடம், ட்ரிகர் என்று எல்லாவற்றுக்கும் திருகாணி. ஒரே ஒரு சாவியை வைத்துக்கொண்டு பத்து நிமிடத்தில் யார் உடம்புக்கு வேண்டுமானாலும் பொருத்திவிடலாமாம். “நீங்கள்லாம் இதை எப்படி சார் செஞ்சீங்க?” என்று கேட்டார்.

“அரம், உப்புத்தாள், வாய்ப்பேச்சு,” என்றேன். சிரித்துவிட்டு, அதை எழுதித் தரச் சொன்னார். பயிற்சிக்கு வரும் புது ஆர்மரர்களுக்கு வாசித்துக் காட்டப் போகிறாராம். முப்பத்து மூன்று வருட சாதனைகளை எழுதலாம் என்று உட்கார்ந்தேன். அரைப் பக்கத்தில் முடிந்துவிட்டது. ஆகவே சொதப்பியதை எழுதுகிறேன். அதில் எனக்கு விஷயத்துக்குப் பஞ்சமில்லை.

நான் போலீஸில் சேர்ந்தது திருடனைப் பிடிக்க. ஆனால் ஓட்டத் தேர்வில் எனக்குப் பின்னால் வந்தவர் ஒருவர்தான், அவருக்கும் அன்று காய்ச்சல். ஐ.டி.ஐ. ஃபிட்டர் சான்றிதழ் இருந்ததால் துப்பாக்கி பழுது பார்க்கும் ஆர்மரர் வேலைக்கு அனுப்பினார்கள். வடக்கே ஒரு வருடம் பயிற்சி. கண்ணைக் கட்டிக்கொண்டு ரைபிளைக் கழற்றி மாட்டவும், இந்தியில் இன்னொரு ரொட்டி கேட்கவும் கற்றுக்கொண்டு திரும்பினேன். சுடுவதற்கு மட்டும் கை வரவே இல்லை. வருடாந்திரப் பயிற்சியில் என் இலக்கு அட்டை புதுக் கருக்கு கலையாமல் திரும்பி வரும். பக்கத்து ஆளின் அட்டையில் பத்துக் குண்டுக்குப் பதிலாகப் பதினான்கு ஓட்டை இருக்கும். அவருக்கு அதில் மனவருத்தம் ஒன்றும் இல்லை.

எங்கள் கிடங்கின் பொறுப்பு அதிகாரி தரணேந்திரன் சார். பெரணமல்லூர்ப் பக்கம் ஒரு கிராமத்துச் சமணக் குடும்பம். பொழுது சாய்வதற்குள் சாப்பாட்டை முடித்துவிடுவார். வேலை மேஜையில் எறும்பு ஊர்ந்தால் அதை ஒரு காகிதத்தில் ஏற்றி, ஜன்னலுக்கு வெளியே விட்டுவிட்டு வந்துதான் ரைபிளைத் தொடுவார். கிடங்கு நிறையத் துப்பாக்கி, அதன் தலைமையில் எறும்பைக் கொல்லாத மனிதர். புதிதாக வந்தவர்கள் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள். ஒரு வாரத்தில் சிரிப்பு நின்றுவிடும்.

ரைபிளைக் கையில் வாங்கியதும் போல்ட்டைத் திறந்து உள்ளே குண்டு இருக்கிறதா என்று பார்ப்பார். பிறகு சுண்டு விரலை விட்டுப் பார்ப்பார். பிறகு வெளிச்சத்தில் பிடித்து இன்னொரு முறை பார்ப்பார். தானே கீழே வைத்துவிட்டுத் தானே எடுத்தாலும் இந்த மூன்றும் உண்டு. யாரையும் திட்ட மாட்டார். கான்ஸ்டபிளைக்கூட ‘ங்க’ போட்டுத்தான் கூப்பிடுவார். நாம் எதையாவது அடித்துச் சொன்னால் மட்டும் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு, “எதனால அப்படிச் சொல்றீங்க?” என்பார். அவ்வளவுதான். அந்த ஒரு கேள்வியில் என் ஆயுசில் பாதி போயிருக்கிறது. பதில் சொன்னாலும் சொல்லாவிட்டாலும் தன் நீலக் குறிப்பேட்டில் ஒரு வரி எழுதிக்கொள்வார்.

மகேஸ்வரி எங்கள் ஆயுதப்படைக்கு வந்தபோது அவருக்கு இருபத்திரண்டு வயது. அப்பா ஏழுமலை முன்பு ஆரணியில் பட்டு நெய்தவர், இப்போது களம்பூரில் அரிசி ஆலையில் மூட்டை தூக்குகிறார் என்று சேர்ந்த அன்றே சொன்னார். நானும் ஆரணி என்பதால் சொல்லியிருக்கலாம். ஐந்தடி உயரம். முந்நூறு மீட்டர் தூரத்தில் படுத்துச் சுடும் போட்டியில், அவர் உடம்புக்குக் கொஞ்சமும் பொருந்தாத ரைபிளை வைத்துக்கொண்டே எங்கள் ஆண்களைத் தாண்டிப் புள்ளி எடுத்தார். அடுத்த இரண்டு மாதத்தில் தேர்வுப் போட்டி. முதல் ஆறு பேர் மாநில போலீஸ் அணிக்குப் போவார்கள். அந்த ஆறில் ஒருவராக வேண்டும், அதற்கு ரைபிள் தன் உடம்புக்குச் சரியாக வேண்டும் என்று கேட்டு வந்தார்.

அரசாங்க ரைபிளின் கட்டையில் கத்தி வைப்பது லேசான காரியம் இல்லை. தரணேந்திரன் சார் மூன்று கடிதம் எழுதி, கழிவில் கிடந்த ஒரு பழைய வால்நட் கட்டையை வெட்டிக்கொள்ள உத்தரவு வாங்கித் தந்தார். மகேஸ்வரியைப் பாயில் படுக்கச் சொல்லி, முழங்கை மடிப்பிலிருந்து விரல் நுனி வரை அளந்தேன். பின்பகுதியில் ஒன்றேகால் அங்குலம் வெட்டினேன். கண் குறியின் உயரத்துக்கு வரவில்லை. முதலில் கன்னம் படும் இடத்தில் அட்டையை ஒட்டி, டேப் சுற்றி, சரியான உயரம் கிடைத்த பிறகு அதே உயரத்துக்கு மரத்தில் செதுக்கிப் பொருத்தினேன். கைப்பிடியை அவர் உள்ளங்கைக்கு ஏற்ப அரத்தால் ராவினேன். எல்லாம் முடித்து, எண்ணெய் தேய்த்து, பெருமையோடு கொடுத்தேன்.

அடுத்த நாள் அவர் சுடும்போது போடும் தடித்த கேன்வாஸ் ஜாக்கெட்டோடு வந்து படுத்தார். கட்டை தோளில் முட்டிக்கொண்டு நின்றது. நான் அளந்தது மெல்லிய காக்கிச் சட்டையில். தையல்காரன்கூட அளவெடுக்கும்போது அடியில் என்ன போட்டிருக்கிறீர்கள் என்று கேட்பான். மரத்தை இன்னும் வெட்ட முடியும், ஒட்ட முடியாது. பிழை வெட்டக் கூடிய பக்கத்தில் இருந்தது என் புத்திசாலித்தனம் இல்லை. இன்னும் அரை அங்குலம் அறுத்தேன். தரணேந்திரன் சார் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்.

அடுத்தது ட்ரிகர். எப்படி வேண்டும் என்று கேட்டேன். மகேஸ்வரி கொஞ்சம் யோசித்தார்.

“தறியில ஒரு இழை அறுந்தா எப்படி இருக்கும் சார், அந்த மாதிரி. இழுக்கிறது தெரியணும். அறுபட்றது தெரியக் கூடாது.”

அதைவிடத் தெளிவாக எந்தப் பயிற்சிப் புத்தகமும் எனக்குச் சொன்னதில்லை. உள்ளே ஒன்றையொன்று கவ்விப் பிடித்திருக்கும் இரண்டு எஃகு முனைகளை எண்ணெய்க் கல்லில் தேய்க்க வேண்டும். பத்துத் தேய்ப்பு, துடைத்து மாட்டிப் பார்ப்பது, மறுபடி பத்து. நூலளவு அதிகம் தேய்த்தாலும் ரைபிள் தானாக வெடிக்கும் ஆபத்து. பிறகு ஸ்பிரிங் திருகாணியைத் தளர்த்தி எடையைக் குறைக்க வேண்டும். போட்டி விதி ஒன்றரைக் கிலோ. வெற்று ரைபிளை இழுத்துப் பூட்டி, செங்குத்தாக நிறுத்தி, ட்ரிகரில் ஒன்றரைக் கிலோ எடையை மாட்டி மெதுவாகத் தூக்குவார்கள். ட்ரிகர் விழாமல், அதாவது பொறி விடுபடாமல், தாங்க வேண்டும். விழுந்தால் அந்த ரைபிளோடு களத்துக்குள் போக முடியாது.

எங்கள் கிடங்கின் சோதனை எடை அப்போது பிஸ்டல் அணியோடு வெளியூர் போயிருந்தது. வரும் வரை பொறுக்கலாம் என்றார் தரணேந்திரன் சார். நான் பொறுத்திருக்கலாம்.

“எங்க மாமனார் பட்டு முதலாளிங்க சார். கடையில எடைக்கல்லு இருக்குது. நாளைக்கே கொண்டாறேன்.”

“அது சரியான எடைன்னு எதனால சொல்றீங்க?”

“பட்டு நிறுக்கிற கல்லு சார். ஆரணிப் பட்டு. கிராம் பிசகினா ஊரே கேக்கும்.”

கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டு எழுதினார்: எடை, ஆர்மரர் பலராமன் கொண்டுவந்தது. சோதனை எடை வந்ததும் ஒப்பிட்டுப் பார்க்கவும்.

என் மாமனார் நெசவாளர்களுக்கு நூல் நிறுத்துக் கொடுத்துச் சேலையாக வாங்கிக்கொள்பவர். அந்த வருடம்தான் கடைக்கு மின்னணுத் தராசு வந்திருந்தது. பழைய இரும்புக் கற்கள் மூலையில் கிடந்தன. அன்று அவர் கடையில் இல்லை. ஒரு கிலோ கல்லில் மேலே கிடந்ததை எடுத்துக்கொண்டேன். அரைக் கிலோவில் மூன்று இருந்தன. இரண்டு சும்மா கிடந்தன. ஒன்று மட்டும் ஒரு மரப்பெட்டியில், மஞ்சள் துணியில் சுற்றி, தனியாக வைக்கப்பட்டிருந்தது. இவ்வளவு பத்திரமாக வைத்திருக்கிறார்கள் என்றால் இதுதான் அசல் எடை என்று நானே முடிவு செய்து அதை எடுத்து வந்தேன். துப்பறியும் பிரிவுக்கு என்னை அனுப்பாததற்கு இலாகாவில் யாரோ ஒரு புண்ணியவான் காரணம்.

கற்களை மேஜையில் வைத்ததும் மகேஸ்வரி அரைக் கிலோக் கல்லைக் கையில் எடுத்துத் திருப்பினார். அதன் ஒரு மூலை கொஞ்சம் உடைந்திருந்தது.

“இது முதலாளி வீட்டுக் கல்லாச்சே சார். எங்கப்பாவுக்கு ஊடை நிறுத்துக் குடுத்தது இதுலதான். நான் கூட போவேன், இந்த மூலைய பாத்துகினே நிப்பேன்.”

பிறகு சாதாரணமாக, வேறு யார் வீட்டுக் கதையோ போலச் சொன்னார். குறுக்கே போகும் ஊடை நூலை அரைக் கிலோ என்று நிறுத்துக் கொடுப்பார்கள். சேலையை நெய்து கொண்டுபோனால் வேறு கற்களில் நிறுப்பார்கள், சேதாரம் போக ஒவ்வொரு முறையும் இருபது கிராம் போலக் குறையும். பட்டைத் திருடுகிறான் என்று பேர் வந்தது. அப்பா தறிக்குழிக்குள் இறங்கி, அறுந்த இழைகளை எல்லாம் பொறுக்கி, முடிச்சாக்கிக் கொண்டுபோய்க் காட்டுவாராம். அப்படியும் கணக்கு சேராது. கடைசியில் நூல் கொடுப்பதையே நிறுத்திவிட்டார்கள். வேறு முதலாளிகளும் கொடுக்கவில்லை.

“தான் எடுக்கலன்னு அப்பாவுக்குத் தெரியும். வீட்ல வேற யாரு சார் இருக்கா? அம்மாதான் எடுத்து வித்துட்ச்சின்னு நெனச்சாரு. பன்னெண்டு வருசம் ஆவுது. இன்னும் அம்மாகிட்ட சரியா பேசறதில்ல.”

நான் என்ன சொன்னேன் என்பதை மறைக்காமல் எழுதுகிறேன். ஏழுமலை என்ற பெயரை மாமனார் வீட்டுச் சாப்பாட்டில் நான் கேட்டிருக்கிறேன். நூல் திருடன் என்ற அடைமொழியோடுதான் கேட்டிருக்கிறேன். முதலாளி வீட்டு மாப்பிள்ளையாக, தொண்டையைச் செருமிக்கொண்டு, “கல்லு இன்னாம்மா பண்ணும், அது பாட்டுக்கு நிக்குது,” என்றேன். மகேஸ்வரி கல்லைக் கீழே வைத்துவிட்டார்.

ஒன்றரைக் கிலோவுக்கு மேல் நூறு கிராமாவது கூடுதலாக விடுங்கள் என்று தரணேந்திரன் சார் சொல்லியிருந்தார். எனக்கு அது அவமானமாகப் பட்டது. கற்களைக் கம்பியில் கட்டி ட்ரிகரில் மாட்டி, அவற்றின் மேல் ஒரு ரூபாய் நாணயங்களை வைத்துப் பார்த்தேன். ஒன்று வைத்தால் தாங்கும். இரண்டு வைத்தால் தாங்கும். மூன்றாவது வைத்தால் விழும். அந்த அளவுக்குக் கொண்டுவந்து நிறுத்தினேன். வருவோர் போவோரை எல்லாம் கூப்பிட்டு அந்த மூன்றாவது நாணயத்தை வைத்துக் காட்டினேன். மகேஸ்வரி படுத்துச் சுட்டுப் பார்த்துவிட்டு, “இழை அறுந்த மாதிரியே இருக்குது சார்,” என்றார். என் பணிக்காலத்தில் எனக்குக் கிடைத்த ஒரே பதக்கம் அந்த வாக்கியம்தான்.

பிஸ்டல் அணி திரும்பவே இல்லை. அங்கிருந்தே நேராகப் போட்டிக்கு வந்துவிட்டது. அதனால் ஒப்பிட்டுப் பார்க்கவும் முடியவில்லை.

தேர்வுப் போட்டி அன்று காலை, சோதனை மேஜை. அதிகாரி ரைபிளை நிறுத்தி, தன் எடையை ட்ரிகரில் மாட்டித் தூக்கினார். டக் என்று விழுந்தது. இரண்டாவது முறை விழுந்தது. மூன்றாவது முறையும் விழுந்தது. “ஒன்றரை தாங்கல. பத்து நிமிஷம் டைம். சரி பண்ணிக் கொண்டாங்க,” என்றார்.

நான் என்ன செய்திருக்க வேண்டும்? திருப்புளியை எடுத்திருக்க வேண்டும். நான் செய்தது, அந்த அதிகாரியின் எடை தப்பு என்று வாதாடியது. பையிலிருந்து என் கற்களை எடுத்து வைத்து, இது ஆரணிப் பட்டு எடை என்று ஆரம்பித்தேன். அவர் பொறுமையான ஆள். ரைபிள்களை நிறுக்கும் மின்னணுத் தராசில் என் கிலோக் கல்லை வைத்தார். ஆயிரம். அரைக் கிலோக் கல்லை வைத்தார். நானூற்று எண்பத்திரண்டு.

எடுத்துவிட்டு மறுபடி வைத்தார். நானூற்று எண்பத்திரண்டு.

தரணேந்திரன் சார் கல்லை வாங்கிக் கவிழ்த்தார். இரும்புக் கல்லின் அடியில் ஒரு குழி இருக்கும். அதில் ஈயத்தை ஊற்றி எடையைச் சரிசெய்து, அதன் மேல் அரசு முத்திரை குத்துவார்கள். இந்தக் கல்லில் முத்திரை குத்திய ஈயம் ஓரத்தில் மட்டும் மெல்லிசாக ஒட்டிக்கொண்டிருந்தது. நடுவில் ஈயம் இல்லை. அரக்கை ஊற்றிக் கறுப்புப் பெயின்ட் அடித்திருந்தார்கள். ரைபிளை மூன்று முறை பார்க்கப் பழகிய ஆர்மரர், ஒரு மாதமாகக் கையில் வைத்திருந்த கல்லை ஒரு தடவைகூடக் கவிழ்த்துப் பார்க்கவில்லை.

மகேஸ்வரி தராசின் எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். “பதினெட்டு,” என்றார்.

மிச்சம் ஏழு நிமிடம். அளந்து திருக நேரமில்லை, திருகாணியை ஒன்றரைச் சுற்று இறுக்கினேன். எடையைத் தாங்கியது. தாங்கியது என்ன, இரண்டு கிலோவைக் கட்டியிருந்தாலும் தாங்கியிருக்கும். இழை போய்க் கயிறு ஆகிவிட்டது. ஒரு மாதமாக அவர் விரல் பழகிய ட்ரிகர் அந்த ரைபிளில் இல்லை.

அந்த ட்ரிகரையும் அந்தப் பதினெட்டையும் சுமந்துகொண்டு போய்ப் படுத்தார். முதல் பத்துக் குண்டு சிதறியது. அதன் பிறகு எப்படிச் சமாளித்தார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது, ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டு வந்தார். ஏழாவதாக முடித்தார். ஆறாவது ஆளுக்கும் அவருக்கும் ஒரே ஒரு புள்ளி. அந்தப் புள்ளி என்னுடையது. அடுத்த வருடம் அணிக்குத் தேர்வானார். அப்போது ட்ரிகர் வேலையைத் தரணேந்திரன் சாரே செய்தார். நான் பக்கத்தில் நின்று விளக்குப் பிடித்தேன்.

போட்டி முடிந்து ஜாக்கெட்டைக் கழற்றிக்கொண்டே மகேஸ்வரி என்னிடம் வந்தார். திட்டுவார் என்று நினைத்தேன்.

“அந்தக் கல்ல எனக்குக் குடுங்க சார். வீட்டுக்கு எடுத்துகினு போவணும்.”

கல்லைக் கொடுத்தால் களம்பூரிலிருந்து ஆரணி வரை பேச்சு போய்விடும். என் மனைவியின் அப்பா. என் பிள்ளைகளின் தாத்தா. பார்க்கலாம்மா, கேட்டுச் சொல்றேன் என்று என்னவோ உளறினேன். தரணேந்திரன் சார் கண்ணாடியைக் கழற்றினார்.

“எதனால யோசிக்கிறீங்க பலராமன்?”

முப்பத்து மூன்று வருடத்தில் அந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்லாமல் நின்றது பல முறை. வெட்கப்பட்டு நின்றது அந்த ஒரு முறை.

அடுத்த நாள் மாமனார் கடைக்குப் போனேன். கல்லைக் கவிழ்த்து அவர் முன்னால் வைத்தேன். பழைய கல்லு, தேஞ்சி போயிருக்கும் மாப்ள என்றார். அரக்கு தானா வந்து உக்காந்துச்சா என்று கேட்டேன். “எங்கப்பா காலத்துலேர்ந்து இப்பிடித்தான்,” என்றார். “உங்களுக்கு எதுக்கு இந்தப் பேஜாரு?” அதன் பிறகு இரண்டு தீபாவளிக்கு எங்களை அழைக்கவில்லை. கல்லைத் திரும்ப எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். “அந்தப் பொட்டிய தொட்டா சின்ன வயசுல அடி வுழும். ஏன்னு நான் கேட்டதே இல்ல,” என்றாள். களைந்த தண்ணீரைக் கொட்டிவிட்டு, “நீங்களே எடுத்துகினு போங்க. அந்தப் பொண்ணு கையில குடுத்து அனுப்பாதீங்க,” என்றாள். என் வீட்டில் தைரியம் யாரிடம் இருக்கிறது என்று எனக்கு எப்போதுமே தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுப் பையில் கல்லை வைத்துக்கொண்டு களம்பூர் பஸ் ஏறினேன். வழியில் இரண்டு நிறுத்தத்தில் இறங்கிவிடலாம் என்று எழுந்து, மறுபடி உட்கார்ந்தேன். கண்டக்டர், “எங்க சார் எறங்கணும் நீ?” என்று அலுத்துக்கொண்டார்.

ஏழுமலை வீடு அரிசி ஆலைக்குப் பின்னால். நான் வருவதை முன்பே சொல்லியிருந்ததால் மகேஸ்வரி விடுப்பில் வந்திருந்தார். ஆனால் வீட்டில் ஒன்றும் சொல்லவில்லை, நான் சொல்லட்டும் என்று விட்டிருந்தார். ஏழுமலை என்னைப் பார்த்ததும் அவசரமாகத் தோள் துண்டை எடுத்தார். “முதலாளி வீட்டு மாப்ளைங்களா? வாங்க, வாங்க,” என்று அந்த வீட்டில் இருந்த ஒரே பிளாஸ்டிக் நாற்காலியைத் துண்டால் துடைத்துப் போட்டார். நான் அதில் உட்கார்ந்தேன். இவரைத் திருடன் என்று பேசிய வீட்டில் எத்தனை வேளை சாப்பிட்டிருப்பேன் என்று எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பேச ஒத்திகை பார்த்து வைத்திருந்ததெல்லாம் மறந்துபோனது. கல்லை எடுத்துக் கவிழ்த்து அவர் கையில் கொடுத்தேன். “பதினெட்டு கிராம் கம்மிங்க. தராசுல வெச்சிப் பாத்தோம். நீங்க எடுக்கல. இதுலயே இல்ல,” என்றேன்.

அவர் கல்லைக் கையில் ஏந்தி எடை பார்த்தார். உடைந்த மூலையைத் தடவினார். நகத்தால் அரக்கைச் சுரண்டினார். ஒரு துண்டு பெயர்ந்து மடியில் விழுந்தது. என் மாமனாரைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. உள்ளே திரும்பி, “ரத்னா, இங்க வா,” என்றார்.

அந்த அம்மா ஈரக் கையோடு வாசற்படியில் வந்து நின்றார். ஏழுமலை கல்லை நீட்டினார். “கல்லுலதான் கம்மியாம். நீ எடுக்கல.”

அந்த அம்மா கல்லை வாங்கவில்லை. அவரைப் பார்த்தார்.

“நான் எடுக்கல, எடுக்கலன்னு பன்னெண்டு வருசமா சொல்லிகினுதானே இருக்கிறேன். கல்லு சொன்னாதான் நம்புவியா?”

மகேஸ்வரி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். ஏழுமலை கல்லைத் தரையில் வைத்தார். என்னைப் பார்த்தார், நாற்காலியைப் பார்த்தார். எனக்குப் புரிந்தது, எழுந்துகொண்டேன். நாற்காலியை மறுபடி ஒரு தடவை துண்டால் துடைத்து, அந்த அம்மா பக்கம் நகர்த்திப் போட்டார்.

அந்த அம்மா ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஏழுமலை உள்ளே போய் டீ போட்டுக்கொண்டு வந்து, முதலில் அந்த அம்மா கையில் கொடுத்தார். நான் நின்றுகொண்டே குடித்தேன்.